பலூன் மேடத்தின் குவிமாடம்

பலூனை வெடிக்கவைத்துப் பார்த்து ஒரு பள்ளிவாசலின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்றேன். அறையிலிருந்த அத்தனை பையன்களும் சிரித்தார்கள்.

நான் ஓய்வு பெற்றதற்காக ஷார்ஜாவில் கம்பனிப் பையன்கள் வைத்த விருந்து அது. பிரியாணிக்குப் பிறகு பேச்சு வேலையின் பக்கம் திரும்பியது. இப்போது வருகிற ஸ்பீக்கர்கள் படு கெட்டிக்காரத்தனமானவை. லேப்டாப்பில் மண்டபத்தின் படத்தைப் போட்டுவிட்டால், சத்தத்தை எந்த வரிசைக்கு அனுப்புவது, எந்தச் சுவரில் படாமல் விடுவது என்று அதுவே கணக்குப் போட்டுக்கொள்கிறது. நல்லதுதான். நானும் அதைப் பார்த்து வாயைப் பிளந்தவன்தான்.

"அண்ணை, இது ஒண்டும் இல்லாத காலத்தில நீங்கள் என்னத்தை வச்சு வேலை செய்தனீங்கள்?" என்று கேட்டான் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பையன் ஒருவன்.

"பலூன்" என்றேன். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

"எழுதித் தாங்கோவன், வாசிச்சுப் பாப்பம்" என்றான், இன்னும் சிரிப்பு அடங்காமல். கிண்டலாகத்தான் கேட்டான். ஆனாலும் கேட்டுவிட்டான் அல்லவா? இதோ எழுதியிருக்கிறேன். முழுவதையும் வாசித்துவிட்டுச் சிரியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடையில் தொழில் பழகியவன் நான். அங்கே படித்தது ஒரே பாடம்: சத்தம் பக்கத்து ஊருக்குக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் திருவிழா உபயகாரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அந்த ஒரு பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சவூதிக்குப் போய் ஜுபைலில் இறங்கினேன். பெட்ரோ கெமிக்கல் ஆலையில் அவசர அறிவிப்புக்கான ஸ்பீக்கர்களைக் கம்பம் கம்பமாகப் பொருத்தும் வேலை. என் கைவரிசை முழுவதையும் காட்டினேன். சத்தம் கடல்வரை போனது.

முதல் ஒத்திகை நடந்தது. அரபி, ஆங்கிலம், உருது என்று மூன்று மொழியிலும் அறிவித்தார்கள். ஒவ்வொரு கம்பமும் கொஞ்சம் முன்பின்னாகச் சொன்னதில் மூன்று மொழியும் ஒன்றாகக் குழைந்து கூழாகிவிட்டன. எல்லோரும் வாசலருகே கூட வேண்டும் என்பதுதான் அறிவிப்பு. பாதிப் பேர் மெஸ்ஸுக்குப் போய்த் தட்டை எடுத்துவிட்டார்கள், சாப்பாட்டு நேரம் வேறு. பாதுகாப்பு அதிகாரி என்னைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. "சத்தம் நன்றாகக் கேட்டது. என்ன சொன்னது?" என்று மட்டும் கேட்டார். கேட்பது வேறு, விளங்குவது வேறு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தொழிலை மறுபடி முதலிலிருந்து கற்றேன். பிறகு எமிரேட்ஸுக்கு வந்து பள்ளிவாசல்களுக்கு ஒலி அமைக்கும் கம்பனியில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அதே கம்பனிதான்.

எத்தனையோ பள்ளிவாசல்களில் வேலை செய்தாலும், என் பெயரைச் சொல்லும் வேலை என்று நான் நினைப்பது ராஸ் அல் கைமாவில் செய்த ஒன்றைத்தான். கல்குவாரிகளும் சிமெண்ட் ஆலைகளும் இருக்கிற பக்கம், மொட்டை மலையின் அடிவாரத்தில் அது நிற்கிறது. கட்டியவர் குவாரிகளுக்குச் சொந்தக்காரரான ஒரு பெரியவர். நாங்கள் எல்லோரும் அவரை அர்பாப் என்போம், முதலாளி என்று அர்த்தம். அவர் ஒருமுறை இஸ்தான்புல்லுக்குப் போனபோது, மலைமேல் இருக்கும் பதினாறாம் நூற்றாண்டுப் பெரிய பள்ளிவாசலில் தொழுதிருக்கிறார். அப்போதே அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்ததாம். ஆனாலும் இமாம் ஓதியது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது போலக் கேட்டதாம். திரும்பி வந்ததும் கட்டடக் கலைஞர்களைக் கூப்பிட்டு, "அங்கே கேட்ட மாதிரி இங்கேயும் எனக்குக் கேட்க வேண்டும்" என்றார். மற்றதெல்லாம் அவர்கள் பாடு என்று விட்டுவிட்டார்.

அந்தக் காலத்தில் துருக்கியை ஆண்ட உதுமானியர்கள் கட்டிய பெரிய பள்ளிவாசலின் அருமை உள்ளே போய் நின்றால்தான் தெரியும். நம் கோயில் மண்டபம்போலத் தூண் தூணாக மறிக்காது. நான்கே நான்கு பருத்த தூண்கள், அவற்றின் மேல் நான்கு பெரிய வளைவுகள், அதற்குமேல் குவிமாடம். சதுரத்தின்மேல் வட்டத்தை உட்காரவைப்பது லேசான வேலையில்லை. நான்கு மூலைகளிலும் முக்கோணமாக வளைந்து ஏறும் சுவர்கள்தான் அந்த வித்தையைச் செய்கின்றன. பெரிய குவிமாடத்தின் பாரத்தை முன்னும் பின்னும் இருக்கும் அரைக் குவிமாடங்கள் வாங்கிக்கொள்ளும், அவற்றின் பாரத்தை இன்னும் சிறிய குவிமாடங்கள் வாங்கும். இப்படிப் படிப்படியாக அது நிலத்துக்கு இறங்கிவிடும். வெளியே சீவிய பென்சில்போல ஒல்லி மினாராக்கள், தாழ்வாரம் சூழ்ந்த முற்றம், நடுவில் கைகால் கழுவும் நீர்மண்டபம். எங்கள் பள்ளிவாசலும் அதே அமைப்பில்தான் எழுந்தது, எல்லாக் கல்லும் அர்பாபின் சொந்தக் குவாரியிலிருந்து வந்தது.

சரி, மைக் இல்லாத காலத்தில் அவ்வளவு பெரிய இடத்தில் ஒரு மனிதக் குரல் எப்படிக் கேட்டது? அந்தக் கட்டடக்காரர்கள் குவிமாடத்துக்குள் மண் ஜாடிகளைப் பதித்தார்கள். ஜாடியின் வயிறு சுவருக்குள் இருக்கும், சின்ன வாய் மட்டும் உள்ளே பார்த்துத் திறந்திருக்கும். கனத்த முழக்கம் அந்த வாய் வழியே போய் வயிற்றுக்குள் அடங்கிவிடும். அது எவ்வளவு தூரம் பலித்தது என்று படித்தவர்கள் இன்றைக்கும் சண்டை போடுகிறார்களாம். எங்கள் பள்ளிவாசலிலும் செங்கல் குவிமாடம் கட்டி, வரிசை வரிசையாக ஜாடி பதித்திருந்தார்கள். ஒவ்வொரு ஜாடியின் வாயும் ஒரு பூவின் நடுவில் வரும்படி ஓவியம் திட்டமிடப்பட்டது. துருக்கியிலிருந்து ஓவியர்கள் வந்து மாதக்கணக்கில் சாரத்தில் மல்லாந்து கிடந்து வரைந்துவிட்டுப் போனார்கள். சாரத்தையும் பிரித்துவிட்டார்கள். அண்ணாந்து பார்த்தால் நீலப் பூக்கள், பூவுக்கு நடுவில் கறுப்புப் பொட்டு, உச்சியில் தங்க எழுத்தில் இறைவசனம். கழுத்து வலிக்கும்வரை பார்க்கலாம்.

ஜாடி யோசனை செவிம் ஹானிம் என்ற துருக்கிப் பெண்மணியுடையது. ஒலிப் பொறியாளர். ஹானிம் என்பது அவர்கள் மரியாதைக்குச் சேர்த்துச் சொல்வது. பெயரில் செவி இருப்பது தற்செயல்தான், அவர்கள் மொழியில் அதற்கு அன்பு என்று பொருளாம். நேரில் மேடம் என்போம், முதுகுக்குப் பின்னால் பலூன் மேடம். எனக்கு மேலே அவர்தான்.

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். மண்டபத்தின் கதவுகள் எல்லாவற்றையும் சாத்தச் சொல்வார். ஏசியை நிறுத்தச் சொல்வார். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு சிவப்புப் பலூனை ஊதி, கம்பியில் வளைத்து வைத்திருந்த வளையத்துக்குள் நுழைத்துப் பார்ப்பார். பலூன் வளையத்தை உரசி நிற்க வேண்டும். பெருத்தாலும் சிறுத்தாலும் காற்றை விட்டுவிட்டு மறுபடி ஊதுவார். நான் ஒலிவாங்கியை அவர் காட்டும் இடத்தில் நிறுத்திவிட்டுச் சுவரோரம் போய் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். நீளக் குச்சியின் நுனியில் ஊசி. ஒரு குத்து. 'டப்' என்ற அந்தச் சத்தம் மேலே ஏறி, சுற்றி, தேய்ந்து மறையும்வரை மேடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு, கம்ப்யூட்டரைப் பார்க்குமுன்பே முழக்கம் அடங்க எடுத்த நேரத்தைச் சொல்வார். கம்ப்யூட்டரும் ஏறக்குறைய அதையேதான் சொல்லும். வெடித்த பலூன் துண்டு ஒவ்வொன்றையும் அவரே குனிந்து பொறுக்குவார், எங்களைப் பொறுக்க விடமாட்டார்.

'இல்லை' என்பதை அவர் வாயால் சொல்லமாட்டார். புருவத்தை உயர்த்தி, தலையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து, நாக்கால் ஒரு 'ச்' போடுவார். துருக்கிக்காரர்களின் வழக்கம் அது. நமக்கு அப்படிப் புருவத்தை உயர்த்தினால் 'என்ன?' என்று அர்த்தம். முதல் வாரம் அவர் மாட்டேன் என்று சொல்லச் சொல்ல, நான் மேலும் மேலும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருந்தேன். என்னைப் போல ஒரு பிடிவாதக்காரனை அவர் பார்த்ததே இல்லையாம்.

டீ குடிக்கும்போது கதை சொல்வார். இஸ்தான்புல்லில் அந்தப் பெரிய பள்ளிவாசலைக் கட்டிக்கொண்டிருந்தபோது, தலைமைக் கட்டடக்காரர் வேலை செய்யாமல் குவிமாடத்தின் கீழ் உட்கார்ந்து ஹூக்கா குடிக்கிறார் என்று சுல்தானிடம் யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்களாம். சுல்தான் கொதித்துப்போய் வந்து பார்த்தால், ஹூக்காவில் புகையிலையே இல்லை. வெறும் தண்ணீரைக் குமிழவிட்டு, அந்தக் குடுகுடுச் சத்தம் மண்டபத்தில் எங்கெங்கே போய்ச் சேருகிறது என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தாராம். "அவருக்கு ஹூக்கா, எனக்குப் பலூன்" என்று சொல்லிச் சிரிப்பார் மேடம்.

ஓவியமும் முடிந்து கம்பளமும் விரித்தாயிற்று. நான்கு தூண்களிலும் என் ஸ்பீக்கர்கள் ஏறிவிட்டன. ரமலானுக்குத் திறப்பு. முதல் சோதனைக்கு அர்பாப் வந்தார். கடைசி வரிசையில் அவருக்கென்று நாற்காலி போட்டோம். இமாம் மெல்லிய குரல்காரர், அடக்கமான மனிதர். மைக்கின் முன் நின்று ஓதத் தொடங்கினார்.

ஒரு சொல் முடியுமுன் அடுத்த சொல் அதன் முதுகில் ஏறியது. மேலே போன குரல் குவிமாடத்துக்குள் சுற்றிச் சுற்றி, குவாரி லாரி மலையேறுவது போல உறுமிக்கொண்டு கீழே வந்தது. சத்தத்தைக் குறைத்தேன், இமாம் காணாமல் போனார். கூட்டினேன், குவிமாடம் அவரை விழுங்கியது. அர்பாப் காதில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் எழுந்து, "ஓதியது தெரிகிறது. என்ன ஓதினார்?" என்று கேட்டார். ஜுபைலில் கேட்ட அதே கேள்வி இத்தனை வருடம் கழித்து என்னைத் தேடி வந்துவிட்டது.

புராஜெக்ட் மேனேஜர் தயாராகத்தான் வந்திருந்தார். துபாயில் பஞ்சுப் பலகைகள் கிடைக்கின்றன, குவிமாடத்தின் உட்புறம் முழுக்க ஒட்டிவிட்டால் முழக்கம் அடங்கிவிடும், ஹலாஸ், வேலை முடிந்தது என்றார். அடங்கும், பொய்யில்லை. ஆனால் அந்த நீலப் பூக்களும் தங்க எழுத்தும் சாம்பல் நிறப் பலகைக்கு அடியில் போய்விடும். அர்பாப் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "எனக்குக் கேட்க வேண்டும். ரமலானுக்கு ஒரு வாரம் முன்புவரை பார்க்கிறேன். ஆகாவிட்டால் ஒட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜாடிக்காக ஒவ்வொரு கூட்டத்திலும் சண்டை போட்டவர் மேடம். அவர் கட்டவைத்த குவிமாடத்தை அவர் கண் முன்னாலேயே மூடப் போகிறார்கள்.

பலூன் பலூனாக உடைத்தோம். எந்த மூலையில் வெடித்தாலும் அதே உறுமல். மேடம் பைனாகுலரை வைத்து ஜாடி வாய்களை வரிசை வரிசையாகப் பார்த்தார். எல்லாம் கறுகறுவென்று திறந்துதான் கிடந்தன. பிறகு அவருக்கு வேறு ஒரு யோசனை வந்தது. பலூனுக்குச் சத்தம் மட்டும்தான் உண்டு, சொல் கிடையாது. சொல்லில் எது தொலைகிறது என்று பார்க்க வேண்டும், அதற்குத் துருக்கி மொழி ஒரு சொல்கூடத் தெரியாத ஆட்கள் வேண்டும் என்றார்.

"தெரிந்த சொல் என்றால் பாதி கேட்டாலே மீதியை மூளை நிரப்பிக்கொள்ளும். தெரியாத சொல்லுக்குக் காதை மட்டும்தான் நம்ப முடியும்" என்று விளக்கினார்.

அப்படிப்பட்ட ஆட்களுக்கா பஞ்சம்? பூச்சு வேலை செய்த நம் ஆட்கள், அடுத்த சைட்டுக்கு மாற்றும்வரை கேம்ப்பில் சும்மா இருந்தார்கள். ஃபோர்மேன் கருப்பையா புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். கை சுத்தமான வேலைக்காரர் என்று சைட் முழுக்கப் பெயர். என்னை அண்ணே என்பார். அவரையும் அவர் ஆட்களையும் கம்பளத்தில் ஆங்காங்கே உட்காரவைத்துக் கையில் தாளும் பேனாவும் கொடுத்தேன். மேடம், தொழுகைத் திசையைக் காட்டும் மிஹ்ராப் மாடத்தின் முன் நின்று ஒவ்வொரு துருக்கிச் சொல்லாக வாசித்தார். கேட்டதைத் தமிழ் எழுத்தில் எழுத வேண்டும், அவ்வளவுதான். மேடம் 'புலுத்' என்றார், மேகம் என்று அர்த்தம். ஒருவர் 'ஊத்து' என்று எழுதினார். ஒருவர் 'பூப்பூ' என்று எழுதினார். பின்வரிசையில் இருந்த ஒருவர் எல்லா வரியிலும் 'ஒண்ணும் வெளங்கல' என்று ஒழுங்காக எழுதி வைத்திருந்தார். அதை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது மேடமே சிரித்துவிட்டார். சிரித்தபின் முகம் வாடிவிட்டது.

வெளியே வந்து கரக் டீ குடித்தோம். கருப்பையாவுக்கு மனசு ஆறவில்லை.

"எங்க காதுலயாண்ணே கோளாறு?"

"உங்கட காதில ஒரு பிழையும் இல்லை, தம்பி. மண்டபம்தான் முழங்குது. மேல ஜாடியள் பதிச்சிருக்கெல்லே, அதுகளின்ர வாய்க்குள்ள போய் முழக்கம் அடங்கவேணும். ஏனோ அடங்குதில்லை" என்றேன்.

"வாயா? அந்த ஓட்டையவா சொல்றீங்க?" கருப்பையா முகம் மலர்ந்தது. "அதெல்லாம் எப்பவோ அடைச்சாச்சேண்ணே! ஒண்ணு விடல. நானே ஏறி நின்னு ஒவ்வொண்ணாப் பாத்தேன். கையால தடவுனா எங்க ஓட்டை இருந்துச்சுன்னே தெரியாது, அம்புட்டு நைசு."

எனக்குப் புரையேறியது. டீ மூக்கு வழியாக வந்தது.

"தம்பி, வடிவாச் சொல்லும். ஏன் அடைச்சனீங்கள்?"

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? ஓட்டையோட விட்டா இன்ஸ்பெக்‌ஷன்ல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிருவாங்கல்ல? புறா வேற கூடு கட்டிரும். திறந்து வைக்கணும்னு எங்ககிட்ட யாருமே சொல்லலயே."

வளைகுடாவில் கட்டட வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்பு ஸ்டிக்கரைத் தெரியும். கட்டடத்தை ஒப்படைக்குமுன் அதிகாரிகள் சுற்றி வருவார்கள். விரிசல், கறை, ஓட்டை எங்கே கண்டாலும் ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கர் அதிகமான ஆளுக்கு அடுத்த சைட்டில் இடமிருக்காது. அதனால் ஓட்டையைக் கண்டால் நம் ஆட்களின் கை தானாகச் சாந்துக் கரண்டிக்குப் போய்விடும். கருப்பையா தம் வாழ்நாளில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்கூட வாங்கியதில்லை.

"அப்ப கறுப்பாத் தெரியுதே?" என்றேன்.

"அது பெயிண்ட்டுண்ணே. துருக்கிக்காரங்க படத்துல பூவுக்கு நடுவுல கறுப்பு இருந்துச்சு. கறுப்ப அடிச்சுட்டுப் போயிட்டாங்க."

நான் டீ டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

ஆட்களைக் கூடையில் வைத்து மேலே தூக்கும் மேன்லிஃப்ட்டை வரவழைத்தோம். கூடையில் மூன்று பேர்: மேடம், நான், விஷயம் விளங்கி முகம் வெளிறிப்போன கருப்பையா. கீழ் வரிசைப் பூ ஒன்றின் அருகே போய் நின்றதும் மேடம் கையை நீட்டிக் கறுப்புப் பொட்டின்மேல் விரலை வைத்தார். விரல் உள்ளே போகவில்லை. அடுத்த பூவையும் தொட்டார். அதற்கடுத்ததையும் தொட்டார். கருப்பையா என் சட்டையைப் பிடித்து, "நாங்க வேணும்னு செய்யலன்னு சொல்லுங்கண்ணே" என்றார் மெதுவாக.

மேடம் சிரிக்கத் தொடங்கினார். கூடை ஆடும்படி சிரித்தார். அந்தக் குவிமாடம் சும்மா இருக்குமா? அவர் சிரிப்பை வாங்கித் திருப்பித் திருப்பிச் சிரித்தது. "நான் இத்தனை நாளாக ஓவியத்தைத்தான் பைனாகுலரில் பார்த்திருக்கிறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கருப்பையாவைப் பார்த்துத் தமக்குத் தெரிந்த சைட் இந்தியில், "பஹுத் அச்சா காம், பாய்" என்றார், ரொம்ப நல்ல வேலை என்று. கருப்பையாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மேடம் உடனே வேலை விஷயத்துக்கு வந்தார். அடைத்த சாந்து ஜாடியின் வயிறுவரை போயிருந்தால் எல்லாம் பாழ், உடைத்தெடுத்தால் குவிமாடமே காயப்படும். எதை வைத்து அடைத்தீர்கள் என்று கேட்டார். கருப்பையா நிமிர்ந்து நின்றார்.

"சிமெண்ட் சாக்குப் பேப்பரச் சுருட்டி வாயில வச்சு, அதுக்கு மேலதான் பூசினோம். இல்லன்னா சாந்து உள்ள விழுந்துரும்ல? மூடுனது மேலோட்டமாத்தான் இருக்கும்."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் மேடம் கருப்பையாவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். நன்றாக அடைத்த ஆள் என்பதால்தான் நன்றாகத் திறக்கவும் முடிந்தது.

கீழே இறங்கியதும் புராஜெக்ட் மேனேஜர் நின்றிருந்தார். மேலே என்ன பிரச்சினை, யார் என்ன செய்தார்கள் என்று கேட்டார். கருப்பையா என் பின்னால் ஒதுங்கினார். மேடம் நிதானமாக, "பெயிண்ட் வேலை முடியும்வரை ஜாடிகள் மூடியிருந்தன. ஒரு துளி தூசி உள்ளே போகவில்லை. இப்போது திறக்கப் போகிறோம்" என்றார். ஒவ்வொரு சொல்லும் உண்மை. யார் மூடியது என்று அவர் மறுபடி கேட்டபோது, மேடம் புருவத்தை உயர்த்தி ஒரு 'ச்' போட்டார். அந்த மனிதர் அதை 'எதற்குக் கேட்கிறாய்?' என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, மேலே கேட்கவில்லை.

கருப்பையா வேறு யாரையும் துளையிட விடவில்லை. பெரிய டிரில்லைத் தொடக்கூட மாட்டேன் என்றார். சின்னக் கைத்துளைப்பானைக் கறுப்புப் பொட்டின் நடுவில் வைத்து, பூவின் இதழ் பக்கம் போகாமல், பொறுமையாகத் திருகினார். அவர் ஆள் ஒருவர் வாக்குவம் குழாயைப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டார், தங்க எழுத்தில் தூசி படக்கூடாது என்று. மூடி உடைந்ததும் வளைந்த கம்பியை விட்டுச் சாக்குப் பேப்பரைச் சுருள் கலையாமல் இழுத்தார். முதல் பேப்பர் வெளியே வந்தபோது நான் ஊர்க் கோயிலில் விசிலடித்தது போல விசிலடித்துவிட்டேன். பள்ளிவாசலில் விசிலடிக்கலாமா என்று மேடம் முறைத்தார். பள்ளிவாசலைத் திறப்பதற்கு முன்புதானே அடித்தேன் என்று சொல்லித் தப்பித்தேன்.

ஒரு வரிசை திறந்து முடித்ததும் கூடையைக் கீழே இறக்கி, ஏசியை நிறுத்தி, ஒரு பலூனை உடைப்போம். முதல் வரிசைக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வரிசைக்கு மேடம் மூடிய கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டினார். வரிசை ஏற ஏற உறுமல் இளைத்துக்கொண்டே வந்தது. பலூன் வெடித்தால் 'டப்' என்று மேலே போய், நாகரிகமாக மறைந்தது. ஜாடிதான் எல்லாவற்றையும் செய்தது என்று எழுதினால் மேடம் என்னோடு சண்டைக்கு வருவார். கம்பளம், சுண்ணாம்புப் பூச்சு, என் ஸ்பீக்கர், எல்லாம் சேர்ந்துதான் என்பார். இருக்கட்டும். அந்த உறுமலை விழுங்கியது ஜாடி, அதை என் காதால் கேட்டேன்.

உச்சி வரிசையும் திறந்தபின் மறுபடி நம் ஆட்களைக் கம்பளத்தில் உட்காரவைத்தோம். மேடம் வாசித்தார். தாளை வாங்கிப் பார்த்தேன். "நீரே வாசியும்" என்று கருப்பையாவிடம் கொடுத்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊர்ப் பஞ்சாயத்தில் அறிவிப்பு வாசிக்கிற மாதிரி, "புலுத். தாஷ். யப்ராக். கப்பு" என்று கணீரென்று வாசித்தார். மேகம், கல், இலை, கதவு. மேடம் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். பின்வரிசையில் 'ஒண்ணும் வெளங்கல' என்று எழுதியவர்கூட அத்தனை சொல்லையும் எழுதியிருந்தார்.

அர்பாப் சொன்ன கெடுவுக்குள் அவரை அழைத்தோம். பஞ்சுப் பலகை ஏற்றிய வண்டி முற்றத்துக்கு வெளியே தயாராக நின்றது. அதே கடைசி வரிசை, அதே நாற்காலி. இமாம் மிஹ்ராபின் முன் போய் நின்றார். மிஹ்ராப் இருக்கும் கிப்லாச் சுவரை ஒட்டிய சிறிய ஆம்ப்ளிஃபயர் அறையில் நானும் கருப்பையாவும் இருந்தோம். கதவு ஒருக்களித்திருந்தது. எல்லாக் குமிழையும் நான் தடவித் தடவிச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மேடம் உள்ளே வந்தார்.

"அணைத்துவிடுங்கள்" என்றார்.

"எதை?"

"எல்லாவற்றையும்."

எனக்கு வந்ததே கோபம். "மேடம், விளையாடுகிறீர்களா? அவர் கடைசி வரிசையில் இருக்கிறார். காது மந்தம். இமாமுக்கோ குரலே இல்லை. இதில் தோற்றால் பலகை ஏறிவிடும். ரமலானில் கூட்டம் நிறைந்தால் எப்படியும் ஸ்பீக்கர் வேண்டும்தானே, இப்போதே போட்டுக் காட்டுவோமே!" என்று பொரிந்து தள்ளினேன். ஒலிபெருக்கி போடுவதற்கே பிறந்தவனைப் பார்த்து அணை என்றால்?

மேடம் புருவத்தை உயர்த்தினார். ஒரு 'ச்'.

அதற்கு அர்த்தம் எனக்கு இப்போது தெரியும். நான் சுவிட்சைக் கீழே தள்ளினேன். சிவப்பு விளக்கு அணைந்தது.

இமாம் ஓதினார். கத்தவில்லை. தம் வீட்டில் உட்கார்ந்து ஓதுவது போலத்தான் ஓதினார். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, கழுவித் துடைத்து வைத்தது போல நடந்து போனது. எனக்கு அரபி சைட் பேச்சு அளவுக்குத்தான் தெரியும். ஆனாலும் எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று எனக்கே தெரிந்தது. ஆனால் நான் பக்கத்தில் நிற்பவன். தூரத்தில், கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அந்தக் கிழவருக்கு என்ன கேட்கிறது? கதவிடுக்கில் பார்த்தேன். அவர் காதில் கையை வைத்திருக்கவில்லை. கைகள் மடியில் இருந்தன.

இமாம் முடித்தார். அப்புறம் அந்தப் பெரிய மண்டபத்தின் கடைசியிலிருந்து, வயதானவர்கள் தமக்குள் முணுமுணுக்கிற குரலில், "ஆமீன்" என்று அர்பாப் சொன்னார். அது இந்தக் கோடியில் நின்ற எனக்குக் கேட்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. வெளியே வண்டியைத் திருப்பச் சொல்லி யாரோ "யல்லா, யல்லா" என்று கத்திக்கொண்டு போனார்கள். பஞ்சுப் பலகைகள் வந்த வழியே துபாய்க்குப் போயின.

கருப்பையா என் தோளைத் தொட்டார்.

"மைக் ஆன்லதானண்ணே இருக்கு?"

"இல்லை, தம்பி. ஓஃப்."

"ஆஃபா?"

"ஓம். எல்லாம் ஓஃப்."

அவர் கதவிடுக்கில் தலையை விட்டு அண்ணாந்து பார்த்தார். நீலப் பூக்களையும், இப்போது உண்மையாகவே இருட்டாக இருந்த அந்தப் பொட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, முகமெல்லாம் பல்லாக, பள்ளிவாசல் என்பதால் குரலை அடக்கிச் சொன்னார்.

"அப்ப நம்ம ஓட்டைதாண்ணே பேசுது!"